வலமிருந்து சொல், இடமிருந்து சுரம்

வெனிஸ் நகரில் 1622-23இல் பிரகாதினி அச்சகத்தார் வெளியிட்ட ஓர் இசைநூலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கண் இடறும். ஐந்து கோடுகளின்மேல் சுரங்கள் வழக்கம்போல இடமிருந்து வலமாகப் போகின்றன. அவற்றின் கீழே அச்சாகியிருப்பவை எபிரேயச் சொற்கள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியவை. அச்சுக்கோத்தவர் சொற்களை அசை அசையாக உடைக்கவில்லை. எழுத்துகளைத் திருப்பிப் போடவும் இல்லை. சொற்களின் வரிசை சுரங்களைப் பின்தொடர்கிறது. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் எழுத்துகள் தம் பழைய திசையிலேயே நிற்கின்றன. பாடுகிறவர் ஒரு சொல்லை ஒரே பார்வையில் முழுதாகப் பிடித்து, மனத்துக்குள் அசை பிரித்து, எதிர்த்திசையில் ஓடும் சுரங்களின்மேல் பரப்ப வேண்டும்.

மாந்துவா நகரத்து யூத இசைக்கலைஞர் சலமோனே ரோஸி இசையமைத்த 33 எபிரேயப் பாடல்கள் அந்நூலில் உள்ளன. மூன்று குரல் முதல் எட்டுக் குரல் வரை பலவகை அமைப்புகள்; பெரும்பாலானவை விவிலியச் சங்கீதங்கள். பக்கவாத்தியம் எதற்கும் கிடையாது. எபிரேயத்தில் பல்குரல் இசை அச்சேறியது அதுவே முதல் முறை. அக்கால வழக்கப்படி ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிச் சிறுபுத்தகம். மற்றவர்கள் என்ன பாடுகிறார்கள் என்பது பாடுகிறவரின் கண்ணுக்குத் தெரியாது; காதால்தான் அறிய வேண்டும்.

இந்தத் திசைச் சிக்கல் ரோஸிக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. தென்னித்தாலியின் ஒப்பிதோ ஊரில் பிறந்து, 1102இல் யூத மதத்தைத் தழுவிய ஒபதியா, எபிரேயப் பாடல்களைக் குறியீடுகளோடு எழுதிவைத்தார். கெய்ரோவின் பழஞ்சுவடிக் குவியலில் கிடைத்த அந்தத் தாள்களில் இசைக்குறிகளும் எழுத்தோடு சேர்ந்து வலமிருந்து இடமாகச் செல்கின்றன. ரோஸிக்கு நூறாண்டு கழித்து அதே வெனிஸில் பெனதெத்தோ மார்செல்லோ, ஜெப ஆலயங்களில் கேட்ட மெட்டுகளை அச்சிட்டபோது, சுரங்களையே திருப்பி வலமிருந்து ஓடவிட்டார். இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் எபிரேய எழுத்தை விட்டுவிட்டு, ஒலியை மட்டும் ரோமன் எழுத்தில் அசை பிரித்துச் சுரத்துக்கடியில் போடுகின்றன. வசதிதான், ஆனால் சொல்லின் முழு உருவம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ரோஸியின் நூலுக்கு முன்னுரை எழுதிப் பிழைதிருத்திய வெனிஸின் யூத மதகுரு (ரப்பி) லியோன் மொதெனா, அந்நூலில் எடுத்த முடிவுக்கு ஒரு காரணம் சொல்கிறார். சங்கீதத்தின் சொற்கள் பாடுகிறவர்களுக்கு மனப்பாடம், சுரங்கள்தான் புதியவை. எனவே தெரியாததை வழக்கமான திசையில் விட்டு, தெரிந்ததைத் தியாகம் செய்தார்கள். இதைவிடத் தெளிவான தீர்வு எனக்குத் தோன்றவில்லை.

ரோஸி வெறும் பாடல் இசைஞர் அல்லர். மாந்துவாவை ஆண்ட கொன்ஸாகா குடும்பத்தின் அரசவையில் வயலின் வாசித்தவர்; இரண்டு வயலின்களும் ஒரு தாழ்ந்த கருவியும் சேர்ந்த இசைவடிவத்தின் முன்னோடிகளில் ஒருவர். இசையமைப்பாளர் மொன்தெவெர்தியும் அதே அரசவையில் பணியாற்றியவர். யூதர்கள் உடையில் அணிய வேண்டியிருந்த மஞ்சள் அடையாளத்திலிருந்து ரோஸிக்கு 1606இல் கோமகன் விலக்கு அளித்தார். கருவியிசையில் அத்தனை தேர்ந்த ஒருவர், தம் வழிபாட்டுப் பாடல்களில் ஒரு நரம்பைக்கூட மீட்டவில்லை.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் லேவியர்கள் யாழோடும் கைத்தாளத்தோடும் சங்கீதம் பாடினார்கள். மேடையில் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. கி.பி. 70இல் ரோமானியர் ஆலயத்தை அழித்த பிறகு அந்த இசை நின்றது. துக்கம் ஒரு காரணம். ஓய்வுநாளில் கருவியை வாசித்தால், தந்தி அறுந்தபோது கை தானாகச் சரிசெய்யப் போய்விடும், அது வேலை ஆகிவிடும் என்ற எச்சரிக்கை இன்னொரு காரணம். மிஞ்சியது குரல்தான். 137ஆம் சங்கீதத்தில் பாபிலோனின் கைதிகள் தங்கள் யாழ்களை மரங்களில் தொங்கவிட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். ரோஸி அதை நான்கு குரல்களுக்கு அமைத்திருக்கிறார். கருவியைக் கைவிட்டவர்களின் பாட்டைக் கருவியில்லாமலே கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்தப் பொருத்தம் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

குரலுக்கும்கூட எளிதில் அனுமதி கிடைத்துவிடவில்லை. ஃபெராராவில் இசை தெரிந்த சிலர் பண்டிகை நாட்களில் ஜெப ஆலயத்தில் பல்குரலாகப் பாட, ஆலயம் இடிந்த பிறகு மகிழ்ச்சிப் பாட்டு கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. 1605இல் மொதெனா அவர்களுக்கு ஆதரவாக விரிவான தீர்ப்பு எழுதினார். வெனிஸ் ரப்பிகள் அதை ஆமோதித்தார்கள். பதினேழு ஆண்டுக்குப் பிறகு ரோஸியின் நூலின் முகப்பில் அதே தீர்ப்பு மறுபடி அச்சானது. இசைக்கு முன்னால் சட்டம் வந்து நிற்க வேண்டியிருந்தது.

இனி இசையமைப்பாளரின் மேசைக்கு வருவோம். அவர்முன் ஒரு சங்கீதம் இருக்கிறது. அதில் எதுகை இல்லை. எண்ணிப் பார்த்தால் அடிகளில் அசைகளும் சமமாக வராது. பிறகு எது அதைக் கவிதையாக்குகிறது? ரோஸி சிறுவனாக இருந்தபோது, 1573-75இல், அதே மாந்துவாவில் அசரியா தே ரோஸி என்ற அறிஞரின் நூல் வெளியானது. விவிலியக் கவிதையில் அசைகளை எண்ணாதீர்கள், பொருள் அலகுகளை எண்ணுங்கள் என்று அவர் எழுதினார். ஒரு வரி இரண்டு பாதிகளாக நிற்கும். முதல் பாதி ஒன்றைச் சொல்லும். இரண்டாம் பாதி அதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லும், அல்லது மறுக்கும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். 1753இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் லோத் இதை முழுமையான கோட்பாடாக வளர்த்தார். இசையமைக்கிறவருக்கு இது பெரிய வரம். நடுவில் ஒரு மூச்சு, முடிவில் ஒரு மூச்சு, கேள்விபோல ஒரு சொற்றொடர், பதில்போல இன்னொன்று என்று இசையின் வடிவம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழுவை இரண்டாகப் பிரித்து மாறி மாறிப் பாடவைப்பதும் இங்கிருந்து பிறந்த வழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

பாதி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? பழைய எபிரேய எழுத்தில் மெய்யொலிகள்தாம் எழுதப்பட்டன. உயிரொலிகளை வாசகர் தாமே சேர்த்துக்கொள்வார். ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை, கலிலேயாக் கடலோரத் திபேரியா நகரின் அறிஞர்கள் எழுத்தைத் தொடாமல், அதன் கீழும் மேலும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு மூன்று செய்திகளைப் பதித்தார்கள். எந்த உயிரொலி, எந்த அசையில் அழுத்தம், எங்கே நிறுத்தம் என்பவை அந்தச் செய்திகள். அந்தக் குறிகள் ஓதும் மெட்டையும் உணர்த்தின. சங்கீதம், நீதிமொழிகள், யோபு ஆகிய மூன்றுக்கும் தனிக் குறிமுறை. பெரும்பாலான யூதச் சமூகங்களில் அந்த மூன்று நூல்களின் ஓதும் மெட்டு மறைந்துவிட்டது. ஆனால் குறிகள் இருக்கின்றன. மெட்டை இழந்தும் அவை அழுத்தத்தையும் மூச்சையும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. சங்கீதத்துக்கு இசையமைக்க உட்காருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புள்ளிகளைத்தான்.

அழுத்தம் எளிதில் ஏமாற்றும். எபிரேயச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசி அசையில் அழுத்தம். இத்தாலிய மொழியில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில். இத்தாலியப் பாடல்களின் முதல் தொகுப்பை 1589இலேயே வெளியிட்டுவிட்ட ரோஸியின் கைக்குப் பழகியது வலுவாக இறங்கி மெலிவாக முடியும் முடிப்பு. எபிரேயமோ கடைசி அசையில் காலை ஊன்றி நிற்கச் சொல்கிறது. ‘அல்லேலூயா’வை நாம் மேற்கத்திய இசையில் பெரும்பாலும் முதல் அசையில் அடித்துத் தொடங்கக் கேட்கிறோம், ஹாண்டெல் அப்படித்தான் செய்தார். எபிரேய வழக்கில் அழுத்தம் கடைசியில் வரும் ‘யா’வின்மேல் விழும். தாளத்தின் வலுவான இடம், நீளமான சுரம், உயர்ந்த சுரம் ஆகிய மூன்றில் ஒன்றாவது அழுத்தமுள்ள அசைக்குக் கிடைக்க வேண்டும். மூன்றும் மாறிப்போனால், தாய்மொழிபோல் அதைக் கேட்கிறவருக்குச் சொல்லே கலைந்துவிடும்.

ஒரே சங்கீதத்துக்கு இரண்டு அழுத்தமுறைகள் இருந்தால்? 1828 ஜூலையில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, ஃப்ரான்ஸ் ஷூபர்ட் வியன்னாவில் 92ஆம் சங்கீதத்துக்கு எபிரேயத்திலேயே இசையமைத்தார். தனிக்குரலாக ஒரு பாரிடோன், உடன் நான்குகுரல் குழு, பக்கவாத்தியம் இல்லை. அவ்வூரின் புதிய ஜெப ஆலயம் 1826இல் திறந்தபோது ஹோஹனெம்ஸிலிருந்து வந்து சேர்ந்த இளம் பாடகர் சாலமோன் சுல்ட்ஸருக்காக எழுதியது அது. மிஷ்னா காலத்திலேயே ஓய்வுநாளுக்கென்று ஒதுக்கப்பட்ட சங்கீதம். மத்திய ஐரோப்பிய யூதர்கள் எபிரேயத்தைத் தங்கள் முறையில் ஒலித்தார்கள். இத்தாலியிலும் கீழ்த்திசையிலும் ‘ஷப்பாத்’ என்று கடைசியில் அழுந்தும் சொல், வியன்னாவில் ‘ஷாபோஸ்’ என்று முதலில் அழுந்தும். இறுதி ஒலியும் மாறும். எனவே ஷூபர்ட்டின் இசையை இன்றைய இஸ்ரேலிய உச்சரிப்பில் பாடினால், இசையின் சாய்வும் சொல்லின் சாய்வும் ஒன்றையொன்று இழுக்கும். எபிரேயம் அறியாத ஷூபர்ட், அசைக்கு அசை சொல்லிக்கொடுக்க சுல்ட்ஸர் பக்கத்தில் இல்லாமல் அதை எழுதியிருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது. இசையமைப்பாளர் எழுதியது ஒரு சங்கீதத்துக்கு மட்டுமல்ல, ஓர் ஊரின் வாய்க்கும்கூட.

குரலின் இயற்பியலுக்குள் போனால் வியப்பு இன்னும் கூடுகிறது. கருவியிருந்தால் தாளத்தை ஒன்று பிடித்துக்கொள்ளும், சுருதியை இன்னொன்று தாங்கும். கருவியில்லாத குழுவில் இந்த இரண்டு வேலைகளையும் சொல்லே செய்தாக வேண்டும். தாளம் மெய்யொலிகளில் இருக்கிறது, சுருதி உயிரொலிகளில். சுருதியைச் சுமந்து எளிதாக நீள்வது உயிரொலிதான். ‘த்’தையோ ‘க்’கையோ நீட்ட முடியாது. தேர்ந்த குழு, மெய்யொலியைத் தாளத்துக்குச் சற்று முன்பே சொல்லி முடித்து, உயிரொலி சரியாகத் தாளத்தின்மேல் விழும்படி பாடும். எபிரேயத்தில் ‘ஷ்’, ‘ஸ்’, ‘த்ஸ்’, தொண்டையில் உரசும் ‘ஹ்’ ஆகியவை நிறைய. முப்பது பேர் ஒரு ‘ஷ்’ஷை ஆளுக்கொரு கணத்தில் சொன்னால் ஒரே இரைச்சல். ஒன்றாகச் சொன்னால் அதுவே தாளக்கருவி.

உயிரொலியின் பண்பு வாயின் வடிவத்தில் இருக்கிறது. தொண்டைக்குழியும் வாயும் சேர்ந்த குகை சில அதிர்வெண்களை மட்டும் பெருக்கும். ‘ஈ’ என்னும்போது முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸில்; ‘ஆ’ என்னும்போது 700-800 ஹெர்ட்ஸில். உச்சக்குரல் பெண் ஒருவர் 880 ஹெர்ட்ஸில் பாடினால், அவருடைய அடிப்படை அதிர்வே இந்த இரண்டையும் தாண்டிவிடுகிறது. அந்த உயரத்தில் ‘ஈ’யை ‘ஈ’யாகக் காட்டக் குரலில் எதுவும் மிஞ்சுவதில்லை, எல்லா உயிரொலிகளும் ‘ஆ’வை நோக்கிச் சரிகின்றன. ஆகவே சொல் விளங்க வேண்டிய இடத்தில் மேல்குரலை உயரே ஏற்றக் கூடாது. ஏற்றியே ஆக வேண்டுமென்றால் அச்சொல்லைக் கீழ்க்குரல்கள் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். ரோஸியின் பல சங்கீதங்களில் எல்லாக் குரல்களும் ஒரே அசையை ஒரே நேரத்தில் சொல்வதும், பெரும்பாலும் பேச்சுக்கு நெருங்கிய உயரத்தில் நிற்பதும் எளிமை அல்ல. இறைவார்த்தை கேட்க வேண்டும் என்ற கவலையும் காதின் அறிவும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

சுருதியின் கதை இதைவிட ஆழம். தம்புராவின் மந்தரத் தந்தியில் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்பது நமக்குப் பழக்கம். பாடும் குரலிலும் அப்படியே: 220 ஹெர்ட்ஸில் ஒருவர் ‘ஆ’ என்றால் 440, 660, 880, 1100 என மேலதிர்வுகள் கூடவே ஒலிக்கும். இன்னொருவர் 275இல் காந்தாரம் பாடுகிறார். அவருடையவை 550, 825, 1100. இரண்டும் 1100இல் சந்திக்கின்றன. ஒலி பூட்டுப்போட்டதுபோல் நிற்கும். பியானோவில் அதே காந்தாரம் 277க்குச் சற்று மேலே இருக்கிறது. அதன் மூன்றாம் மேலதிர்வு 1109க்கு அருகே போய்விடும். நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது முறை ஒலி துடிக்கும். கருவி இல்லாத குழு அந்தத் துடிப்பைக் காதால் கேட்டு, 275ஐ நோக்கித் தானே இறங்குகிறது. யாரும் கணக்குப் போடுவதில்லை. நல்ல குழுவின் நெருக்கமான ஒலிக்கு இதுதான் காரணம்.

ஆனால் இந்தச் சுத்தத்துக்கு ஒரு விலை உண்டு. ஸட்ஜத்திலிருந்து ஐந்தாம் சுரங்களாக ஏறிப் பாருங்கள்: ஸ, ப, ரி, த, க. ஒவ்வொரு படியும் 3:2 என்ற சுத்தமான விகிதம். நான்கு படி ஏறி இரண்டு ஸ்தாயி இறங்கினால் காந்தாரம் 81:64இல் நிற்கும். நேரடியான சுத்தக் காந்தாரமோ 5:4, அதாவது 80:64. இரண்டும் ஒன்றல்ல, இடையில் 81:80 என்ற மெல்லிய இடைவெளி. எனவே சில சுரத்தொடர்களில் ஒவ்வொரு அடியையும் குற்றமில்லாமல் பாடி, தொடங்கிய சுரத்துக்குத் திரும்பினால், அந்தச் சுரமே நகர்ந்துபோயிருக்கும். வெனிஸில் பிறந்த கணிதவியலர் ஜொவன்னி பத்திஸ்தா பெனதெத்தி, 1563ஐ ஒட்டி இசையமைப்பாளர் சிப்ரியானோ தெ ரோரேவுக்கு எழுதிய கடிதங்களில் இதைச் சிறு உதாரணங்களோடு நிரூபித்தார். அவை 1585இல் தூரினில் அச்சாயின. ஒரே தொடரை ஐந்து முறை பாடினால் நகர்வு ஓர் அரைச்சுரத்தைத் தாண்டிவிடும். நன்றாகப் பாடுவதாலேயே குழுவின் சுருதி இறங்கலாம் என்பதை முதலில் கேட்கிறவர் நம்புவது கடினம். அதனால் இசையமைப்பவர் அப்படிப்பட்ட தொடர்களைத் திரும்பத் திரும்ப வைப்பதைத் தவிர்க்கிறார். பாடகர்கள் சில சுரங்களை ஒரு மயிரிழை கூட்டியும் குறைத்தும் நகர்வைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சங்கீதத்தின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்ள நிறுத்தமும் இங்கே கைகொடுக்கிறது. அந்த மூச்சில் காது அமர்ந்து, அடுத்த தொடக்கத்தைப் புதிதாகப் பிடிக்கலாம்.

ரோஸியின் பெயர் 1628க்குப் பிறகு ஆவணங்களில் இல்லை. 1630இல் புனித ரோமானியப் பேரரசின் படைகள் மாந்துவாவைச் சூறையாடின. யூதக் குடியிருப்பு காலியாக்கப்பட்டது. பிழைத்து வெனிஸ் வந்தவர்கள் மொதெனாவின் தலைமையில் அங்கிருந்த இசைச் சங்கத்தில் சேர்ந்தார்கள். சீயோனை நினைத்தல் என்ற பொருள்தரும் அச்சங்கத்தின் எபிரேயப் பெயர் 137ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. பிறகு கொள்ளைநோய் வந்தது. ரோஸியின் எபிரேயப் பாடல்கள் இரண்டரை நூற்றாண்டு பெட்டிகளில் கிடந்து, 1877இல்தான் பாரிஸில் சாமுவேல் நௌம்பூர் என்ற ஜெப ஆலயப் பாடகரின் முயற்சியில் புதிய பதிப்பாக வந்தன. ஓர் இசைமரபு தொடங்கிய தலைமுறையிலேயே முறிந்தால் எவ்வளவு இழப்பு என்பதை இந்த இடைவெளியை வைத்துத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. ரோஸிக்கு மாணவர்களும் அவர்களுக்கு மாணவர்களும் இருந்திருந்தால் இன்று ஜெப ஆலயங்களில் வேறோர் இசை ஒலித்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் எபிரேயச் சங்கீதத்தைக் கருவியில்லாத குழுவுக்கு எடுத்துக்கொண்டவர்களில் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. வியன்னாவில் யூதராகப் பிறந்து, இளமையில் கிறிஸ்தவராகி, 1933இல் பாரிஸில் முறைப்படி யூத மதத்துக்குத் திரும்பியவர். கெம்யோ வினாவெர் என்ற இசைஞர் தாம் தொகுக்கும் யூத இசைத் திரட்டுக்காகக் கேட்டுக்கொள்ள, லாஸ் ஏஞ்சலஸில் 1950 ஜூலை 2ஆம் தேதி 130ஆம் சங்கீதத்தை ஆறு குரல்களுக்கு எழுதி முடித்தார். ஆழத்திலிருந்து கூப்பிடும் சங்கீதம் அது. பன்னிரண்டு சுரங்களும் சம உரிமை பெறும் அவருடைய முறையில் அமைந்ததால், பாடகர்கள் சாய்ந்துகொள்ளச் சுத்தக் காந்தாரம் எங்கும் கிடைக்காது. ஒவ்வொரு இடைவெளியையும் நினைவால் மட்டுமே பிடிக்க வேண்டும். ஆனால் சில குரல்கள் பாடும்போது மற்றவை அதே சொற்களைத் தாளத்தோடு பேசுகின்றன. ரோஸியிடம் ஒரே குரல் சுமந்த இரண்டு வேலைகளையும் ஷோன்பெர்க் பிரித்துக் கொடுத்துவிட்டார். பேசுகிறவர்களிடம் எபிரேயத்தின் அழுத்தமும் உரசலும் முழுசாகக் கிடைக்கின்றன. பாடுகிறவர்களிடம் சுருதி நிற்கிறது. யார் பேசுவது, யார் பாடுவது என்பது தொடருக்குத் தொடர் மாறிக்கொண்டே இருக்கும். 1954 ஜனவரி 29 அன்று கொலோனில் அது முதன்முறையாகப் பாடப்பட்டது. இதைப் பழகும் குழுவுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் சில ஒத்திகைகளில் ஆறு குரல்களும் சுரத்தைத் தொடாமல் முழுச் சங்கீதத்தையும் தாளத்தில் பேசிப் பழகட்டும், கடைசி அசை ஒவ்வொன்றும் தன் இடத்தில் விழத் தொடங்கிய பிறகு சுருதியைச் சேர்க்கலாம்.